சீமைக்குப் போன ஆயாக்கள்

‘ஆயா’ என்ற சொல்லை நாம் வெகு காலமாய் நம் வீட்டுச் சொல்லாகவே பாவித்து வருகிறோம். பள்ளிக்கூடத்தில் சிறு பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்து விடுகிறவள் ஆயா. ஆஸ்பத்திரியில் படுக்கை விரிக்கிறவள் ஆயா. செட்டிநாட்டுப் பக்கம் போனாலோ, பெற்றவளைப் பெற்றவளே ஆயா. எங்கள் ஆத்தூர்ப் பக்கத்தில் பாட்டியை அப்பத்தா என்றும் அம்மாச்சி என்றும்தான் சொல்வார்கள் என்றாலும், ஆயா என்றால் யாரும் விழிப்பதில்லை. ‘ஆய்’, ‘ஆயி’ என்று தாயைக் குறிக்கும் பழைய சொற்கள் நம்மிடமே இருக்க, இதற்கு வேறு ஊரில் போய்த் தகப்பன் பெயர் தேடுவானேன் என்றுதான் தோன்றும்.

ஆனால் வெள்ளைக்காரக் குழந்தையை வளர்த்த ஆயா, போர்த்துகீசியக் கப்பலில் வந்து இறங்கியவள். ‘அய்யா’ என்று நாம் சொல்வதைப் போலவே ஒலிக்கும் ஒரு போர்த்துகீசியச் சொல். பொருள் மட்டும் செவிலி. அதற்கும் மூலம் லத்தீனில் பாட்டியைக் குறிக்கும் ‘ஆவியா’ என்ற சொல் என்கிறார்கள். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னெல் துரையும் கர்னல் யூல் என்பவரும் சேர்ந்து தொகுத்து, 1886இல் வெளிவந்த ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ என்ற பெரிய அகராதியிலே இந்தச் சொல்லுக்கு இடம் கொடுத்து, இது போர்த்துகீசியச் சரக்கு என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். ரோமாபுரிப் பாட்டியும் காரைக்குடிப் பாட்டியும் ஒரே பெயரில் சந்தித்துக்கொண்ட விசித்திரத்தை மொழி வல்லுநர்களுக்கு விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு கடல் கடந்த பெண்களின் கதை.

கதையைக் கடலில் ஆரம்பிக்காமல் மலையில் ஆரம்பிக்கிறேன். ஆத்தூருக்கு மேற்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் வானத்தின் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கும். அதன் அடிவாரத்தில்தான் இன்று காமராசர் அணை இருக்கிறது. அந்த மலைக்கு மேலே கொடைக்கானல். 1834இல் மதுரைக்கு வந்து சேர்ந்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள், காய்ச்சலுக்கும் காலராவுக்கும் மனைவி மக்களைப் பறிகொடுத்துப் பறிகொடுத்து, கடைசியில் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள். பிறகு கலெக்டர்கள் வந்தார்கள். வியாபாரத் துரைகள் வந்தார்கள். 1875இல் மதுரைக்கு ரயில் வந்தது; அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனுக்குப் பிற்பாடு கொடைக்கானல் ரோடு என்று பெயராயிற்று. பெயர்தான் அப்படி; இறங்கினால் மலை எங்கோ இருக்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் இராவெல்லாம் குலுங்கி, வத்தலக்குண்டு வழியாகப் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு என்ற இடத்தை அடைய வேண்டும். அதற்கப்புறம் குதிரைத் தடம். துரை குதிரையில் போவார். துரைசானி நாற்காலியில் அமர, ஆட்கள் தோளில் சுமந்து ஏறுவார்கள். குழந்தை ஆயாவின் மடியில் டோலியில் போகும். குழந்தை தாயின் மடிக்குப் போய்விட்டால் ஆயா நடக்க வேண்டியதுதான்.

இந்த ஊர்வலத்தைப் பார்த்து எழுதிவைத்தவர்கள் அநேகமாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களே. மலையின் அழகைப் பற்றி, குளிரைப் பற்றி, சுமை தூக்கிகளின் கூச்சலைப் பற்றி எழுதினார்கள். ஆயாவைப் பற்றி ஒரு வரி வருமானால், அவள் உண்மையானவள் அல்லது சோம்பேறி என்ற இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒரு துரை வீட்டில் பட்லர், சமையற்காரன், மசால்ஜி, தோட்டக்காரன், தண்ணீர்க்காரன் என்று ஒரு பட்டாளமே உண்டு. அவர்கள் எல்லோருக்கும் வேலை முடிகிற நேரம் என்று ஒன்று இருந்தது. இரவானால் பின்கட்டுக் குடிசைகளுக்குப் போய்த் தங்கள் பெண்டு பிள்ளைகளோடு சோறு தின்னலாம். ஆயா மட்டும் குழந்தையின் தொட்டிலுக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டு படுத்தாள். குழந்தை எப்போது அழும் என்று யார் கண்டார்கள்? ஆகவே எஜமான் வீட்டுக்குள்ளேயே இரவில் தங்கும் உரிமை பெற்றவள் அவள் ஒருத்தியே. அதை உரிமை என்று சொல்வதா என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவள் கப்பலேற வேண்டிய அவசியம் ஏன் வந்தது? விடை எளிது. துரைக்கு விடுமுறை வரும். அல்லது துரைசானிக்கு உடம்பு தேறவேண்டும். அல்லது குழந்தைக்கு ஐந்தாறு வயதாகிவிடும். குழந்தை அதற்கு மேலும் இந்த நாட்டில் இருந்தால் உடம்பும் கெடும், உச்சரிப்பும் கெடும் என்பது அவர்களுடைய பயம். எப்படியானாலும் சீமைக்குப் போயாக வேண்டும். சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்படுவதற்கு முன்னால், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போவதென்றால் பிரயாணம் மாதக் கணக்கில் நீளும். கால்வாய் திறந்த பிறகும் மூன்று நான்கு வாரங்களாவது ஆகும். கப்பல் புறப்பட்ட அரை நாழிகையில் துரைசானி வாந்தியெடுத்துக் காபினில் சுருண்டு விழுந்துவிடுவாள். மூன்று குழந்தைகளை யார் குளிப்பாட்டுவது, யார் சோறூட்டுவது, மேல்தளத்துக் கம்பியில் ஏறி விளையாடும் பையனைக் காலைப் பிடித்து இழுப்பது யார்? கடல் ஒத்துக்கொள்ளும் ஆயா ஒருத்தி கூட இருந்தால்தான் பிழைப்பு. ‘கடல் மயக்கம் இல்லாதவள், அனுபவமுள்ளவள், நற்சாட்சிப் பத்திரம் உண்டு’ என்ற தோரணையில் பத்திரிகைகளில் விளம்பரங்கள் வந்தன.

அந்த விளம்பரங்களில் ‘மெட்ராஸ் ஆயா’வுக்கு ஒரு தனி மவுசு. காரணம் இரண்டு. சென்னை ராஜதானியில் வேலைக்காரர்கள் இங்கிலீஷ் பேசினார்கள். வடக்கே போன துரைசானிகள் மாதக்கணக்கில் முன்ஷி வைத்து ஹிந்துஸ்தானி படித்து அவஸ்தைப்பட்டபோது, இங்கே வந்தவர்கள் ஆயாவிடமும் பட்லரிடமும் தங்கள் மொழியிலேயே சண்டை பிடிக்க முடிந்தது. இரண்டாவது காரணம் சாதி. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று பயந்தவர்கள் துரையின் குழந்தையைத் தூக்க வரவில்லை. குழந்தையின் எச்சில் தட்டைக் கழுவவும் வரவில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்கள், கிறிஸ்தவப் பெண்கள். ஊரில் எந்தக் கிணற்றிலும் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று யாரைத் தள்ளிவைத்தார்களோ, அவர்களுக்கே கடலில் இறங்க வழி திறந்திருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கணித மேதை ராமானுஜன் 1914ஆம் வருஷம் மார்ச் 17ஆந் தேதி ‘நெவாஸா’ என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். கடல் கடக்க அவருடைய தாயார் சம்மதிக்காமல் இருந்ததையும், நாமகிரித் தாயாரின் கனவு வந்த பிறகு சம்மதித்ததையும் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எழுத வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தத் தேதிக்கு நூறு வருஷத்துக்கு முன்பிருந்தே தமிழ்ப் பெண்கள் அதே கடலில், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அவர்கள் போன கப்பலின் பெயர் என்ன, தேதி என்ன என்று நாம் கேட்டதில்லை. அவர்கள் யார் கனவுக்கும் காத்திருக்கவில்லை, கூலிக்குக் காத்திருந்தார்கள்.

சென்னையில் துறைமுகச் சுவர்கள் எழும்புவதற்கு முன்பு, கப்பலேறுவதே ஒரு கண்டம். கப்பல் தொலைவில் நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏறி, அலையின் மேல் எகிறி எகிறிப் போய், கப்பலைத் தொட வேண்டும். குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு ஆயா அந்தப் படகில் உட்கார்ந்திருந்ததை யோசித்துப் பாருங்கள். கப்பலில் அவளுக்குத் தனி இடம் என்று ஒன்று கிடையாது. குழந்தையின் படுக்கைக்குப் பக்கத்தில் தரையிலோ, காபின் கதவுக்கு வெளியே நடையிலோ அவள் படுத்துக்கொள்வாள். பிரயாணிகள் ஜாபிதாவில் ‘இன்னார் மனைவி, குழந்தை, ஆயா’ என்று இருக்கும். நாலு மாதக் குழந்தைக்குக்கூடக் குடும்பப் பெயர் உண்டு; அதைத் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு இல்லை. சில இடங்களில் எஜமான் பெயரையே அவள் தலையிலும் கட்டி எழுதிவிட்டார்கள்.

லண்டனில் ராயல் அகாடமியின் முதல் தலைவராக இருந்த ஜோஷுவா ரேனால்ட்ஸ் என்ற சித்திரக்காரர், 1765ஐ ஒட்டி, ராபர்ட் கிளைவின் உறவினரான ஜார்ஜ் கிளைவின் குடும்பத்தைப் படமாக எழுதினார். படம் இப்போது பெர்லின் நகரத்துச் சித்திரசாலையில் இருக்கிறது. துரை நிற்கிறார், துரைசானி நிற்கிறாள், இந்திய உடை உடுத்த சிறு பெண் நடுவில். அந்தப் பெண் விழுந்துவிடாமல், மண்டியிட்டுத் தாங்கிக்கொண்டிருக்கிறாள் ஒரு இந்தியப் பெண். படத்தின் தலைப்பில் துரையின் பெயர் இருக்கிறது. இவள் ‘இந்திய வேலைக்காரி’. ஒன்று மட்டும் சொல்லலாம்: அந்தப் படத்தில் வேலை செய்துகொண்டிருப்பவள் அவள் ஒருத்தியே. மற்றவர்கள் எல்லாம் படத்துக்காக நிற்கிறார்கள்.

அந்நாளில் கும்பெனியாருக்கு ஒரு கவலை உண்டாயிற்று. அழைத்துப்போன வேலைக்காரர்களை எஜமானர்கள் சீமையிலே விட்டுவிட்டால், அவர்களைத் திருப்பி அனுப்பும் செலவு கும்பெனி தலையில் விழும். ஆகவே இந்திய வேலைக்காரரை அழைத்துப்போகிறவர்கள் ஜாமீன் பணம் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். கருணையினால் அல்ல, கணக்கினால். இருந்தாலும் அந்த ஜாமீன் இருந்த வரையில் ஆயாவுக்கு ஒரு பிடிமானம் இருந்தது. கும்பெனியின் அதிகாரம் தேய்ந்து, கப்பல் போக்குவரத்து பெருகிய காலத்தில் அந்தப் பிடியும் தளர்ந்தது.

சரி, சீமையில் இறங்கியாயிற்று. அங்கே துரைசானியின் தாய் வீட்டில் வெள்ளைக்காரத் தாதிகள் இருப்பார்கள். குழந்தையைப் பழக்கி எடுத்துக்கொள்ள ஒரு வாரம் போதும். அதற்கப்புறம் ஆயா எதற்கு? அவளை ஊருக்கு அனுப்பியாக வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல். துரை குடும்பங்கள் வெயிலுக்குப் பயந்து சீமைக்கு வருவது வசந்த காலத்தில். இந்தியாவுக்குத் திரும்பிப் போவது இலையுதிர் காலத்தில். வந்து இறங்கிய ஆயாவுக்கு, திரும்பிப் போகும் குடும்பம் ஒன்று கிடைக்க நாலைந்து மாதம் ஆகலாம். அதுவரை அவள் எங்கே இருப்பது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் கிழக்கு லண்டனின் துறைமுகப் பகுதியில் இருந்த மட்டமான விடுதிகளில் தங்கினார்கள். ஜோஸப் ஸால்டர் என்ற மிஷனரி அந்தத் தெருக்களில் அலைந்து, ஆசியாவிலிருந்து வந்தவர்களைப் பற்றி 1873இல் ஒரு புஸ்தகமே எழுதினார். கப்பல் கூலிகளான லாஸ்கர்களுக்கென்று 1857இல் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரு பெரிய விடுதி திறந்தார்கள். அது ஆண்களுக்கு. பெண்களுக்கென்று இருந்தது ‘ஆயா இல்லம்’ என்ற ஒன்று. 1890களில் ஆல்ட்கேட் பகுதியில் ஜூரி தெருவில் இருந்தது. பிறகு லண்டன் சிட்டி மிஷன் அதை ஏற்று நடத்தி, 1900இல் ஹாக்னி பகுதியில் கிங் எட்வர்ட் ரோடு 26ஆம் எண் வீட்டுக்குக் கொண்டுபோயிற்று. 1921இல் அதே தெருவில் 4ஆம் எண் வீட்டுக்கு மாறியது. ஏறக்குறைய முப்பது அறைகள். வருஷத்துக்குச் சுமார் நூறு பெண்கள் அங்கே வந்து தங்கிப் போனார்கள். சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்த ஆயாக்கள், சீனத்திலிருந்து வந்த ‘ஆமா’க்கள், இலங்கை, மலேயா, ஜாவாப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். அங்கே என்ன பாஷையில் சண்டை போட்டுக்கொண்டார்கள், ரசத்துக்குப் புளி எங்கே வாங்கினார்கள் என்றெல்லாம் தெரிந்துகொள்ள ஒரு நாவலாசிரியனுக்கு எவ்வளவு ஆசையாக இருக்கும்! அறிக்கை எழுதிய பாதிரிமாருக்கு அந்த ஆசை இல்லை. எத்தனை பேர் ஜபக் கூட்டத்துக்கு வந்தார்கள் என்பதைத்தான் அவர்கள் எண்ணினார்கள்.

இல்லத்தின் வரவு செலவு நடந்த விதம் சுவாரஸ்யமானது. அழைத்து வந்த குடும்பம் ஆயாவுக்குத் திரும்பும் டிக்கெட் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த டிக்கெட்டை இல்லத்தில் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். இந்தியாவுக்குப் புறப்படும் வேறொரு குடும்பத்துக்கு ஆயா தேவைப்படும்போது, இல்லம் அந்த டிக்கெட்டை அவர்களுக்கு விற்கும். அந்தக் குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு ஆயா ஊருக்குப் போவாள். விற்ற பணம், அவள் இத்தனை நாளும் இல்லத்தில் தின்ற சோற்றுக்கும் படுத்த படுக்கைக்கும் சரியாகும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. எல்லாருக்கும் லாபம். கூர்ந்து பார்த்தால், ஆயா தன் திரும்பும் பிரயாணத்தைத் தானே வேலை செய்து சம்பாதித்துக்கொள்கிறாள். அவளுக்கென்று வாங்கிய டிக்கெட் அவள் காத்திருந்த செலவுக்குப் போய்விடுகிறது. ஏற்பாட்டைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. தெருவில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

தெருவில் நின்றவர்களும் உண்டு. 1908இல் பம்பாயிலிருந்து அழைத்துவந்த ஒரு ஆயாவை, லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் ஸ்டேஷனில், கையில் ஒரு பவுன் பணத்தைக் கொடுத்து விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பவுனைக் கொண்டு பம்பாய்க்குக் கப்பலேற முடியாது. அவள் இல்லத்தை வந்து சேர்ந்தாள். செலவுக்கு யார் பொறுப்பு என்று இந்தியா ஆபீசுக்குக் கடிதம் போயிற்று. எழுதி வேலைக்கமர்த்திய ஒப்பந்தம் இருந்தாலும், மீறினவர்களைப் பிடித்துக் கேட்கச் சட்டத்தில் இடம் தேட வேண்டியிருந்தது. சீமையில் ஆதரவில்லாமல் திண்டாடும் இந்தியர்களையும் குடியேற்ற நாட்டாரையும் பற்றி விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். அதன் அறிக்கை 1910இல் வெளிவந்தது. இல்லத்து நிர்வாகி போய்ச் சாட்சி சொன்னார். ஆயாக்களைப் பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, இப்படி யாரோ ஒருத்தி கைவிடப்பட்டதனால் எழுந்த கடிதப் போக்குவரத்திலிருந்தே கிடைத்தது. ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பியவள் எந்தக் காகிதத்திலும் இல்லை.

முதல் மகா யுத்தத்தின்போது ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குப் பயந்து பெண்கள் கடல் யாத்திரை போவதைத் தடுத்து வைத்தார்கள். துரைசானிகள் தாய் வீட்டில் இருந்தார்கள். ஆயாக்கள் இல்லத்தில் நெரிசலில் இருந்தார்கள். மாதங்கள் வருஷங்களாயின. பஞ்சாலைப் புடவையைச் சுற்றிக்கொண்டு லண்டன் ஜனவரி மாதத்தைக் கழித்த பெண்களுக்கு, ஊரில் விட்டுவந்த பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதிக் கேட்கவும், வந்த கடிதத்தைப் படிக்கவும் யாராவது ஒருவர் தயவு வேண்டியிருந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆயா என்றாலே கண்ணீரும் கம்பலையும்தான் என்று வாசகர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. 1920களின் ஆரம்பத்தில் லண்டன் பத்திரிகை ஒன்று, அந்தோணி பெரைரா அம்மாள் என்ற ஆயாவைப் பற்றி எழுதிற்று. அந்த அம்மாள் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்குமாக 54 தடவை கடல் பிரயாணம் செய்தவளாம்! அந்தக் காலத்தில் எத்தனை வைசிராய்கள், எத்தனை காங்கிரஸ் தலைவர்கள் அத்தனை தடவை கடல் தாண்டினார்கள்? மத்தியதரைக் கடலில் எந்த மாதம் புயல் வரும், ஏடன் துறையில் என்ன விலைக்கு என்ன கிடைக்கும், எந்தக் கப்பலில் பாலில் தண்ணீர் கலப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு நம் கையில் ரேகை மாதிரி தெரிந்திருக்கும். ஒரு குடும்பத்தில் நிலையாய் இருக்காமல், கடல் பிரயாணத்துக்கு மட்டும் அமர்த்திக்கொள்ளும் ஆயாக்கள் ஒரு தனி வர்க்கமாகவே இருந்தார்கள். அது ஒரு தொழில். அவர்கள் அதில் தேர்ந்தவர்கள். பேரம் பேசினார்கள், பிடிக்காத துரைசானியை வேண்டாம் என்றார்கள். அனுதாபத்தை அள்ளிக் கொட்டுகிறவர்கள் பல சமயம் திறமையைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள்.

குழந்தைகள் பக்கம் வருவோம். கிப்ளிங் 1865இல் பம்பாயில் பிறந்தார். அவரை வளர்த்தவள் கோவாவைச் சேர்ந்த ரோமன் கத்தோலிக்க ஆயா. தாம் சிந்தித்ததும் கனவு கண்டதும் அவள் பேசிய நாட்டு மொழியிலேதான் என்றும், அம்மா அப்பாவிடம் போகும்போது இங்கிலீஷில் பேச வேண்டும் என்று அவள் சொல்லி அனுப்புவாள் என்றும் பிற்காலத்தில் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1871இல், ஆறு வயது நிரம்பாத அந்தப் பிள்ளையை இங்கிலாந்தில் அந்நியர் வீடு ஒன்றில் விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பினார்கள். அங்கே பட்ட கொடுமையை அவர் ஆயுள் முழுக்க மறக்கவில்லை. வெள்ளையன் சுமை என்று உலகத்துக்கு உபதேசம் செய்தவரை இடுப்பில் சுமந்தவள் ஒரு கறுப்புப் பெண் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. ‘இரகசியத் தோட்டம்’ என்று 1911இல் வந்த குழந்தைகள் நாவலில், கதாநாயகியான சிறுமியின் ஆயா தொடக்கத்திலேயே காலராவில் செத்துப்போகிறாள். அந்தச் சாவைப் பற்றிக் கதையில் யாரும் அதிகம் அழுவதில்லை. புத்தகம் படித்த கோடிக் கணக்கான பேரும் அழவில்லை.

ஆயாவுக்குச் சொந்தப் பிள்ளை இருந்ததா? இருந்திருக்கும். குழந்தை வளர்க்கத் தெரிந்தவள் என்பதற்கு அதுதானே முதல் அத்தாட்சி? அந்தப் பிள்ளையை அவளுடைய தாயோ மாமியாரோ வளர்த்திருப்பார்கள். துரை வீட்டுக் குழந்தை ஐந்து வயதில் ஆயாவைப் பிரிந்து அழுததைப் பல துரைமார்கள் உருக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆயா வீட்டுக் குழந்தை யாரைப் பிரிந்து அழுதது என்பதை எழுதுவதற்கு அந்தக் குடிசையில் யாருக்கும் எழுத்துத் தெரியாது. 1920க்குப் பிறகு பாஸ்போர்ட் சட்டம் கட்டாயமாக வந்ததனால், அதற்காகப் பிடித்த சில ஆயாக்களின் புகைப்படங்கள் லண்டனில் இந்தியா ஆபீஸ் தஸ்தாவேஜுகளோடு தங்கிவிட்டன. முகத்தை நேரே பார்க்கிற புகைப்படங்கள். ரேனால்ட்ஸ் எழுதிய பெண் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது யுத்தத்தோடு ஆயா இல்லத்தின் கதை முடிந்தது. 1947இல் துரைமார்கள் மூட்டை கட்டியபோது தொழிலே முடிந்துவிட்டது என்று தோன்றியது. சரித்திரக்காரர்களும் மறந்துவிட்டார்கள். ரோஸினா விஸ்ராம் என்ற ஆராய்ச்சியாளர் 1986இல் ஆயாக்கள், லாஸ்கர்கள், இளவரசர்களைப் பற்றி ஒரு நூல் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தலைப்பில் இளவரசர்களுக்கு முன்னால் ஆயாக்களுக்கு இடம் கொடுத்ததற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஹாக்னிப் பக்கத்து இளம் பெண் ஒருத்தி, டெலிவிஷனில் அந்த வீட்டைப் பற்றி ஒரு நொடி காட்டியதைப் பார்த்துவிட்டு, தன் தெருவுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒன்று இருந்ததா என்று 2018இல் தேடக் கிளம்பினாள். அவளும் அவளோடு சேர்ந்தவர்களும் விடாமல் மன்றாடியதன் பலனாக, 2022 ஜூன் மாதம் கிங் எட்வர்ட் ரோடு 26ஆம் எண் வீட்டுச் சுவரில் நீலப் பலகை பதித்தார்கள். லண்டனில் பெரிய மனிதர்கள் வாழ்ந்த வீடுகளுக்குப் பதிக்கிற பலகை அது.

தொழில் முடிந்துவிட்டது என்று சொன்னேன். முடிந்தது துரைமார்களின் பகுதி மட்டுமே. எஜமானர்கள் மாறினார்கள். இன்று தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் பெண்கள் குவைத்துக்கும் ரியாத்துக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளை வளர்க்கப் போகிறார்கள். பாஸ்போர்ட்டை எஜமான் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். கிழக்கிலங்கையின் மூதூரிலிருந்து ரிசானா நஃபீக் என்ற பெண் 2005இல் சவூதி அரேபியாவுக்குப் போனாள். தாய்மொழி தமிழ். வயது பதினேழு, அனுப்பியவர்கள் பாஸ்போர்ட்டில் ஆறு வயதைக் கூட்டிவிட்டார்கள். போய்ச் சேர்ந்த சில வாரங்களில், அவளிடம் ஒப்படைத்திருந்த நாலு மாதக் குழந்தை இறந்துபோயிற்று. பாலூட்டும்போது மூச்சுத் திணறியது என்றாள் அவள். கொலை என்றது வழக்கு. அவள் சொன்னதைச் சரியாக மொழிபெயர்த்துச் சொல்லத் தகுந்த ஆள் ஆரம்ப விசாரணையில் இல்லை. 2013 ஜனவரி 9ஆந் தேதி அவளுடைய தலையை வெட்டினார்கள். அந்தக் குழந்தையின் தாயையும் நினைத்துப் பார்க்கிறேன். அவள் துக்கமும் துக்கமே. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணிடம், பயிற்சியோ பாஷையோ இல்லாத நிலையில், கைக்குழந்தையை யார் ஒப்படைத்தது என்ற கேள்வி எந்தத் தீர்ப்பிலும் எழவில்லை. அதற்கு அடுத்தாற்போல் இலங்கை சர்க்கார், சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் குறைந்தபட்ச வயதை இருபத்தைந்தாக உயர்த்தியது.

நம் சர்க்காரும் சும்மா இருந்துவிடவில்லை. வீட்டு வேலைக்கு வளைகுடா நாடுகளுக்குப் போகும் பெண்ணுக்கு முப்பது வயது ஆகியிருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். அழைத்துப்போகும் எஜமான் ஒவ்வொரு பெண்ணுக்கும் 2500 டாலர் பாங்கு ஜாமீன் கட்ட வேண்டும் என்றும் கேட்டார்கள். கும்பெனியார் கேட்ட அதே ஜாமீன்! இடையில் இருநூறு வருஷம். குவைத்துக்காரர்கள் முடியாது என்றார்கள். சண்டை சில வருஷம் நடந்தது. 2017இல் குவைத்துக்கு நம்மவர்களே அந்த நிபந்தனையைத் தளர்த்திவிட்டார்கள். முறையான வழியை இறுக்கினால் ஏஜெண்டுகள் டூரிஸ்ட் விசாவில் கடத்திக்கொண்டு போகிறார்கள். தளர்த்தினால் கேட்க நாதியில்லை. எது மேல் என்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நிற்கிற பெண்ணிடம் கேட்டால், கடன் அடைகிற வழி எதுவோ அது மேல் என்பாள்.

லண்டன் கதையும் தொடர்கிறது. பணக்கார எஜமானர்களோடு அங்கே வந்து சேரும் வீட்டு வேலைக்காரப் பெண்கள், கொடுமை தாளாமல் போனால் வேறு வீட்டுக்கு மாறிக்கொள்ளலாம் என்று 1998இல் ஒரு உரிமை கொடுத்தார்கள். 2012இல் அதைப் பறித்துக்கொண்டார்கள்: விசா எஜமானோடு கட்டியது, அவரை விட்டால் நாட்டையும் விட வேண்டும். 2016இல், ஆறு மாதத் தவணைக்குள் மட்டும் மாறலாம் என்று பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1908இல் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் நின்றவளை எஜமான் விட்டுப் போனான். நூறு வருஷம் கழித்து வந்தவளுக்கு எஜமானை விட்டுப் போகத்தான் வழியில்லை.

சிங்கப்பூரில் வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது 2013இல் விதியாயிற்று. ஆனால் அந்த நாளுக்குக் கூலி கொடுத்துவிட்டு வேலை வாங்கிக்கொள்ளலாம் என்று அதிலேயே ஒரு சந்து வைத்திருந்தார்கள். பத்து வருஷம் போயிற்று. 2023ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து, மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து வாங்கக் கூடாது, அவளுக்கே விட்டுவிட வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். மாதம் ஒரே ஒரு நாள்.